உதவி எண்ணுக்கு மருந்து நிறுவனத்தின் சம்பளமா?

கேள்வி: மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களும் அவர்கள் குடும்பத்தினரும் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய சங்கத்துக்கு நான் செயலாளர். உறுப்பினர் சந்தாவும் சில்லறை நன்கொடைகளும்தான் எங்கள் வருமானம். இந்நோய்க்கான ஊசி மருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்று, மூன்று ஆண்டுகளுக்கு நிதி தர முன்வந்திருக்கிறது. தொலைபேசி உதவி எண்ணில் பேச ஒரு செவிலியரின் சம்பளம், விழிப்புணர்வு மாதத்தின் செலவு, மருந்து வாங்க இயலாதவர்களுக்கு ஓர் உதவி நிதி என மூன்று இனங்கள். ஆண்டுதோறும் வரும் தொகை எங்கள் இப்போதைய மொத்த வரவைவிட அதிகம். "நோயாளிக்குத்தானே போகிறது, வாங்கினால் என்ன?" என்கிறார் பொருளாளர். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரோ, வாங்கினால் விலகிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். ஒப்பந்த வரைவை இணைத்திருக்கிறேன். வாங்கலாமா, கூடாதா?

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

வரைவை முழுவதும் படித்தேன். இப்போதிருக்கும் வடிவத்தில் இதில் கையெழுத்திடாதீர்கள். மூன்று இனங்களில் விழிப்புணர்வு மாதத்துக்கான பணத்தை மட்டும், நிபந்தனைகளை மாற்றிய பிறகு வாங்கலாம். செவிலியர் சம்பளத்தையும் உதவி நிதியையும் மறுத்துவிடுங்கள். தொண்டு நிறுவனங்களின் கணக்குகளையும் ஒப்பந்தங்களையும் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இது என் தெளிவான கருத்து. காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் குழுவில் எதிரெதிராக நிற்கும் இருவருமே நோயாளிகளின் நன்மையை நினைத்துத்தான் பேசுகிறார்கள். இருவருக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர் நீங்கள்.

முதலில், உங்களுக்கு வந்திருப்பது அபூர்வமான அழைப்பு அன்று. அமெரிக்காவின் மிகப் பெரிய 104 நோயாளர் அமைப்புகளை ஆராய்ந்து 2017-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் குறைந்தது 83 சதவீதம் மருந்து, மருத்துவக் கருவி, உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களிடம் பணம் பெற்றிருந்தன. குறைந்தது 39 சதவீத அமைப்புகளின் நிர்வாகக் குழுவில் அத்தகைய நிறுவனங்களின் இந்நாள் அல்லது முன்னாள் உயர் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். இப்படிப்பட்ட நலன் முரண்களை எப்படிக் கையாளுவது என்று எழுதி வெளியிட்டிருந்தவை 12 சதவீதம்தான். கடைசி எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பணம் வாங்குவது பரவலாக நடக்கிறது. வாங்கும் முன் உட்கார்ந்து யோசித்து விதி எழுதுவது அரிதாக நடக்கிறது. நீங்கள் கையெழுத்துக்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன்.

பொருளாளரின் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. மருந்து நிறுவனங்களால் உண்மையான நன்மை விளைந்த வரலாறு உண்டு. ஆற்றுக் குருட்டு நோய்க்கான ஐவர்மெக்டினை, தேவைப்படும் காலம்வரை தேவைப்படும் அளவுக்கு இலவசமாகத் தருவதாக மெர்க் நிறுவனம் 1987-இல் அறிவித்தது. அந்த நன்கொடை இன்றுவரை தொடர்கிறது. நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்காக அமெரிக்காவில் இயங்கும் அறக்கட்டளையோ, நன்கொடையாகத் திரட்டிய பணத்தை ஒரு மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சியில் தானே முதலீடு செய்தது. அதிலிருந்து பிறந்த மருந்து 2012-இல் ஒப்புதல் பெற்றது. நோயின் அடிப்படைக் கோளாற்றையே திருத்திய முதல் மருந்து அது. ஆனால் அப்போது அதன் விலை ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் டாலர். 2014-இல் அறக்கட்டளை, விற்பனையில் தனக்கு வரவேண்டிய உரிமைத் தொகைப் பங்கை 330 கோடி டாலருக்கு விற்றது. அந்தப் பணத்தையும் நோயாளிகளுக்காகவே செலவிடுவதாகச் சொன்னது. இருந்தாலும், விலை உயர்ந்தால் வருமானமும் உயரும் நிலையில் இருந்த ஓர் அமைப்பு, விலை அதிகம் என்று எந்த வாயால் சொல்லும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கேள்வி கேட்டவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள்.

உங்களுக்கும் அதே கேள்விதான். பணம் நோயாளிக்குப் போகிறதா என்று பொருளாளர் கேட்கிறார், போகிறது. அந்தப் பணம் வந்த பிறகு உங்கள் சங்கத்தால் எதைச் சொல்ல முடியாமல் போகும் என்பதையும் அவர் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்தத் துறையில் யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. "எங்கள் மருந்தைப் புகழ்ந்து பேசுங்கள்" என்று எந்த நிறுவனமும் கடிதம் எழுதாது. பேசப்படும் விஷயங்களின் தேர்வில்தான் செல்வாக்கு வேலை செய்கிறது. புதிய சிகிச்சை கிடைக்கவில்லை என்ற குறையைப் பேசப் பணம் இருக்கும். விலை, பக்கவிளைவு, மாத்திரையைக் குறைப்பது, உடற்பயிற்சி, வேலையிடத்து வசதிகள் ஆகியவற்றைப் பேசப் பணம் இருக்காது. ஓரிரு ஆண்டுகளில் சங்கத்தின் நிகழ்ச்சிநிரல் தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். யாரும் விலைபோயிருக்கவும் மாட்டார்கள்.

அமெரிக்க வலி அறக்கட்டளை என்று ஓர் அமைப்பு இருந்தது. தீராத வலியால் அவதிப்படுவோருக்காக உருவானது. அந்தத் துன்பம் உண்மையானது. அங்கே வேலை செய்தவர்களின் அக்கறையும் உண்மையானது என்றே நினைக்கிறேன். 2010-இல் அதன் வரவு சுமார் 50 லட்சம் டாலர். அதில் 90 சதவீதம் மருந்து மற்றும் மருத்துவக் கருவி நிறுவனங்களிடமிருந்து வந்ததை 2011 டிசம்பரில் புரோபப்ளிகா செய்தி அமைப்பு வெளிப்படுத்தியது. அபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு வலி நிவாரணிகளால் ஏற்படும் ஆபத்தை அதன் நோயாளர் வழிகாட்டிகள் குறைத்துக் காட்டின என்ற விமர்சனமும் அந்தச் செய்தியில் இருந்தது. 2012 மே மாதம் அமெரிக்க செனட்டின் நிதிக் குழு, ஓபியாய்டு தயாரிப்பாளர்களுக்கும் இத்தகைய அமைப்புகளுக்கும் உள்ள தொடர்பை விசாரிக்கத் தொடங்கியது. அதே நேரத்தில் அறக்கட்டளை தன்னைக் கலைத்துக்கொண்டது. வலியோடு அதை நம்பி வந்தவர்கள் ஒரு குரலை இழந்தார்கள். பத்தில் ஒன்பது பங்கு ஒரே துறையிடமிருந்து வரும்போது, நல்லவர்கள் நடத்தினாலும் இதுதான் கதி.

இனி உங்கள் நோய்க்கு வருகிறேன். முடக்குவாதத்துக்கான, உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் உயிரியல் ஊசி மருந்துகள் விலை மிகுந்தவை. காப்புரிமை முடிந்தவற்றுக்கு, பயோசிமிலர் எனப்படும், மூல மருந்தை ஒத்த இணை மருந்துகள் குறைந்த விலையில் வரத் தொடங்கிவிட்டன. முடக்குவாதத்துக்குப் பயன்படும் அடாலிமுமாப் ஊசிக்கு இவை ஐரோப்பாவில் 2018 அக்டோபரில் விற்பனைக்கு வந்தன; அமெரிக்காவில் 2023-இல்தான் வந்தன. எந்த நாடாக இருந்தாலும், மூல மருந்தில் நன்றாக இருப்பவரை விலை குறைந்ததற்கு மாற்றலாமா என்ற கேள்வி ஒரு நாள் எழும். உங்கள் உறுப்பினர்கள் பயந்துபோய் உங்களைத்தான் கேட்பார்கள். இதற்கென்றே நார்வேயில் அரசுப் பணத்தில் ஓர் ஆய்வு நடந்தது. முடக்குவாதம் உட்பட ஆறு நோய்களைச் சேர்ந்த 482 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை இன்னோர் உயிரியல் ஊசியான இன்ஃப்ளிக்சிமாபின் மூல மருந்திலேயே வைத்து, மீதிப் பேரை இணை மருந்துக்கு மாற்றி, 52 வாரங்கள் கவனித்தார்கள். நோய் மோசமானவர்கள் முதல் பிரிவில் 26 சதவீதம், மாறியவர்களில் 30 சதவீதம். முன்கூட்டியே வகுத்த வரம்புக்குள் இந்த வேறுபாடு அடங்கியதால், மாற்றம் பாதகமில்லை என்று 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அந்த ஆய்வு பெரியதன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த ஒரு பத்தியை உதவி எண்ணில் இருக்கும் செவிலியர் ஒரு நோயாளிக்கு எப்படிச் சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். "பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை, மாறிய பின் மருத்துவரிடம் தொடர்ந்து காட்டுங்கள்" என்று சொல்லலாம். "நன்றாக இருக்கும்போது ஏன் மாற்ற வேண்டும், உங்கள் மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்" என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் இடையில் இருப்பது குரலின் தொனிதான். மூல மருந்தைத் தயாரிப்பவர் சம்பளம் கொடுக்கும்போது அந்தத் தொனி எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்தச் செவிலியரே அறிய மாட்டார். அவர் மிக நேர்மையானவராக இருந்தாலும், நிறுவனம் யார் என்று தெரிந்துகொண்ட நோயாளி அவரை நம்ப மாட்டார். இவரை நம்பலாம் என்ற எண்ணத்தில்தான் உதவி எண்ணுக்கு அழைப்பு வருகிறது. அந்த நம்பிக்கை போனால் உதவி எண்ணால் பயனில்லை.

வரைவின் வரிகளைப் பார்ப்போம். ஐந்தாம் பிரிவு சொல்கிறது: "இரு தரப்பினரும் மற்றவரின் நற்பெயருக்குக் குந்தகம் விளைவிக்கும் பொது அறிக்கைகளைத் தவிர்ப்பர்." படிக்க மரியாதையாக இருக்கிறது. ஆனால், "இந்த ஊசியின் விலையை எங்கள் உறுப்பினர்களால் தாங்க முடியவில்லை" என்று நீங்கள் பத்திரிகைக்கு எழுதினால் அது நற்பெயருக்குக் குந்தகமா, இல்லையா? அதை முடிவு செய்வது யார்? வழக்கறிஞர் கட்டணத்துக்கு உங்களிடம் பணம் இருக்காது. ஆகவே எழுதாமலே இருந்துவிடுவீர்கள். இந்தப் பிரிவு முழுவதுமாக நீங்க வேண்டும். அதன் இடத்தில், விலை, பாதுகாப்பு, மாற்று மருந்துகள் உட்பட எதைப் பற்றியும் நிறுவனத்தைக் கலக்காமல் பேசச் சங்கத்துக்கு உரிமை உண்டு என்று எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை ஏற்கத் தயங்கும் நிறுவனத்திடம் எந்தத் தொகையையும் வாங்காதீர்கள்.

ஏழாம் பிரிவு, உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளின் தொகுப்பறிக்கையை, பெயர்களை நீக்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்கிறது. பொருளாளர் இதைக் கணக்குக் காட்டும் சம்பிரதாயமாக எடுத்துக்கொண்டிருப்பார். எத்தனை பேர் போட்டி மருந்தைப் பற்றிக் கேட்டார்கள், எத்தனை பேர் ஊசியை நிறுத்தினார்கள், எதனால் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் விற்பனைத் துறை காசு கொடுத்துத் தேடும் தகவல்கள். வேதனையோடு பேசியவருக்கு, தன் பேச்சு அங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. உங்களைப் போன்ற சிறிய சங்கத்தில் பெயரை நீக்கினாலும் வயது, ஊர், மருந்து ஆகிய மூன்றே போதும், ஆளை அடையாளம் காண. செலவுக் கணக்கும் எத்தனை அழைப்புகள் வந்தன என்ற எண்ணிக்கையும் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு வரியும் கொடுக்கக் கூடாது.

எட்டாம் பிரிவைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அச்சிடும் துண்டறிக்கைகளை "மருத்துவத் துல்லியம் கருதி" நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு முன்கூட்டியே பார்வையிடும் என்கிறது. "சிகிச்சை பெரும்பாலும் மெதோட்ரெக்ஸேட் மாத்திரையில் தொடங்கும், பலருக்கு அதுவே நல்ல பலன் தரும்" என்று உங்கள் துண்டறிக்கையில் ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது திரும்பி வரும்போது, "மெதோட்ரெக்ஸேட் பலருக்குப் போதுமான பலன் தருவதில்லை, அடுத்தகட்ட சிகிச்சைகள் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்" என்று மாறியிருக்கும். இரண்டு வாக்கியங்களிலும் பொய் இல்லை. மெதோட்ரெக்ஸேட் சிலருக்குப் போதும், சிலருக்குப் போதாது. முதல் வாக்கியத்தைப் படிப்பவர் மலிவான மாத்திரையைப் பொறுமையோடு தொடர்வார். இரண்டாவதைப் படிப்பவர் ஊசி கேட்டுப் போவார். துல்லியம் என்ற பெயரில் வரும் திருத்தம் இப்படித்தான் இருக்கும், அதைத் தவறென்று உங்களால் நிரூபிக்கவும் முடியாது. ஐரோப்பிய மருந்துத் தொழில் கூட்டமைப்பின் நடத்தை விதிகளே, தாங்கள் நிதி தரும் நோயாளர் அமைப்பின் வெளியீடுகளைத் தம் வணிக நலனுக்குச் சாதகமாக மாற்ற முயலக் கூடாது என்று உறுப்பு நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. உண்மைப் பிழையைச் சுட்டிக்காட்ட மட்டும் அனுமதிக்கின்றன. துண்டறிக்கையைச் சரிபார்க்க எந்த நிறுவனத்தோடும் தொடர்பில்லாத ஒரு முடக்குவாத மருத்துவரைத் தேடுங்கள். கிடைப்பது கடினம்தான், ஆனாலும் கிடைப்பார்.

அதே விதிகள், ஒரு நோயாளர் அமைப்புக்கோ அதன் முக்கியத் திட்டத்துக்கோ தாங்கள் மட்டுமே நிதி தருவோம் என்று நிறுவனம் வற்புறுத்தக் கூடாது என்றும் சொல்கின்றன. உங்கள் வரைவின் ஒன்பதாம் பிரிவு கேட்பது அதைத்தான். அந்த விதிகள் உங்கள் நாட்டில் செல்லுமா என்பது வேறு விஷயம். தொழில் துறையே தனக்கு வகுத்துக்கொண்ட குறைந்தபட்ச நெறிக்கும் இந்த வரைவு கீழே இருக்கிறது என்பதை அவர்களிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மரியாதையாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் பின்வாங்குவார்கள்.

முப்பது நாள் முன்னறிவிப்பில் நிதியை நிறுத்தலாம் என்ற கடைசிப் பிரிவையும் கவனித்திருப்பீர்கள். ஒரு செவிலியரை வேலைக்கு வைத்து, உறுப்பினர்களிடம் எண்ணைப் பரப்பி, தினமும் அழைப்பு வரத் தொடங்கிய பிறகு அந்த முப்பது நாள் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்கும். யாரும் அதை உபயோகிக்கவே வேண்டாம், இருந்தாலே போதும். நின்றால் ஆட்கள் தவித்துப்போகும் எந்த வேலையையும் இத்தகைய பணத்தில் தொடங்காதீர்கள் என்பது நான் எல்லாச் சங்கங்களுக்கும் சொல்வது. ஒருமுறை செலவாகி முடிந்துவிடுகிற வேலைகளுக்கு வாங்கலாம்.

உதவி நிதி விஷயம் இன்னும் சிக்கலானது. ஏழை நோயாளிக்கு ஊசி கிடைப்பதில் என்ன தவறு என்று கேட்கத் தோன்றும். வரைவின்படி, அந்த நிதி இந்த நிறுவனத்தின் ஊசி எழுதிக்கொடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான். அதே நோயால் அதே அளவு அவதிப்பட்டு, வேறு மருந்து எடுக்கும் ஏழைக்கு ஒன்றும் கிடையாது. காப்பீடு உள்ள இடங்களில் இது எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். நோயாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டிய சிறிய பங்கை அறக்கட்டளை கட்டிவிடுகிறது. மீதியை முழு விலையில் காப்பீடு கட்டுகிறது. நிறுவனம் நன்கொடையாகக் கொடுத்ததைவிடப் பல மடங்கு விற்பனையில் திரும்ப வருகிறது. விலை அதிகம் என்று குரல் எழுப்பக்கூடிய நோயாளியும் அமைதியாகிவிடுகிறார். விலை உயர்ந்தபடியே இருக்கிறது. அதை எல்லோரும் பிரீமியத்தில் சுமக்கிறார்கள்.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் இந்தப் பங்கை நிறுவனங்கள் நேரடியாகக் கட்டுவது சட்டவிரோதம். சுதந்திரமான அறக்கட்டளைகளுக்கு நன்கொடை தரலாம் என்று மட்டும் வழி இருந்தது. அந்த அறக்கட்டளைகளை வெறும் குழாயாகப் பயன்படுத்தினார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு. 2018-இல் ஃபைசர் 2 கோடியே 38 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது, தவறேதும் ஒப்புக்கொள்ளாமல். அதே ஆண்டு ஆக்டெலியன் என்ற மருந்து நிறுவனம் 36 கோடி டாலர் கட்டியது. தன் மருந்தை உட்கொள்வோருக்கு எவ்வளவு பணம் போகிறது என்ற விவரத்தை அறக்கட்டளையிடமிருந்தே பெற்று, அதற்கேற்ப நன்கொடையை அளந்து கொடுத்தது என்பது அதன்மீதான புகார். 2019-இல் அப்படிப்பட்ட மூன்று அறக்கட்டளைகளுமே அரசுக்குப் பணம் கட்டிச் சமரசம் செய்ய நேர்ந்தது. மாட்டிக்கொண்டவை நிறுவனங்கள் மட்டுமல்ல என்பதை உங்கள் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். நோயாளிக்கு மருந்து கிடைக்க வேண்டும் என்று நிறுவனம் மனப்பூர்வமாக விரும்பினால், விலையைக் குறைக்கலாம்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2016 அக்டோபரில் இதையே வற்புறுத்திக் காட்டியது. நிமோனியா தடுப்பூசி சுமார் பத்து லட்சம் டோஸ்களை இலவசமாகத் தர ஃபைசர் முன்வந்தபோது, வேண்டாம் என்றார்கள். விலையைக் குறையுங்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தவர்கள் அவர்கள். இலவசம் ஒரு முறை வரும், எப்போது நிற்கும் என்று தெரியாது; விலை குறைந்தால் எல்லா நாடுகளும் வாங்க முடியும் என்றார்கள். மிகக் கடினமான முடிவு, அந்த நேரத்தில் தடுப்பூசிக்காகக் காத்திருந்த குழந்தைகள் உண்டு. அடுத்த மாதமே, மனிதநேய உதவி அமைப்புகளுக்கு விலையைக் குறைப்பதாக ஃபைசர் அறிவித்தது. அவர்களுக்குள்ள பலம் உங்களுக்கு இல்லை என்பது தெரியும். ஆனால் இலவசத்தை மறுப்பதும் நோயாளியின் பக்கம் நிற்பதாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. மருந்து நிறுவனப் பணத்தை அறவே தொடுவதில்லை என்று விதி வைத்து நடத்தும் அமைப்புகளும் உண்டு. மார்பகப் புற்றுநோயாளிகளுக்காகப் போராடிவந்த அமெரிக்க அமைப்பான பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன் அவற்றில் ஒன்று. அவை சிறியவையாகவே இருக்கின்றன. ஆனால் விலையைப் பற்றி அவை பேசும்போது உள்நோக்கம் தேட யாராலும் முடிவதில்லை.

உங்கள் சங்கம் அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விழிப்புணர்வு மாதத்துக்கு மண்டப வாடகை, அச்சுக்கூலி, சைகைமொழி பெயர்ப்பாளருக்கு ஊதியம் போன்ற செலவுகளுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சாளர்களையும் பேசும் பொருளையும் நீங்களே முடிவு செய்யுங்கள். நிறுவனம் தன் விளம்பர ஏஜென்சியை "இலவசமாக" அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பணத்தைவிட அந்த ஆட்கள்தான் நிகழ்ச்சியின் போக்கை மாற்றுவார்கள். பெண்களின் பாலியல் விருப்பக் குறைபாட்டுக்கான ஃபிளிபான்செரின் மருந்தை அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2010-இலும் 2013-இலும் ஏற்கவில்லை. பிறகு "ஈவன் தி ஸ்கோர்" என்ற பெயரில் பெண்ணுரிமைக் குரலாக ஒரு பிரசாரம் எழுந்தது. 2015-இல் ஒப்புதல் கிடைத்தது. அந்தப் பிரசாரத்துக்கு நிதி அளித்தவர்களில் மருந்தின் உரிமையாளரும் ஒருவர். மேடையேறிப் பேசிய பெண்களின் துன்பம் பொய்யில்லை. மேடையைப் போட்டது யார் என்பதைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

தொகைக்கு ஒரு வரம்பு வேண்டும். எல்லா மருந்து, கருவி நிறுவனங்களிடமிருந்தும் சேர்த்து ஆண்டு வரவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, ஒரே நிறுவனத்திடமிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது என் ஆலோசனை. இது சட்டம் அன்று, அனுபவத்தில் வந்த அளவு. அந்தப் பணம் நாளை நின்றாலும் சங்கம் அடுத்த ஆண்டும் உயிரோடு இருக்கும் அளவு இது. நான்கைந்து நிறுவனங்களிடம் சமமாக வாங்கினால் யாருக்கும் சார்பில்லாமல் இருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். ஒரு மருந்துக்கு எதிராக இன்னொன்றைத் தூக்கிப் பிடிக்கும் ஆபத்து அதனால் குறையும். விலை என்று வரும்போது அந்த நான்கைந்து பேரின் நலனும் ஒன்றுதான். ஆகவே மொத்த வரம்பு கட்டாயம் வேண்டும்.

வெளிப்படைத்தன்மையில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். இது குறித்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2020-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரையின்படி, தொழில் துறைப் பணம் பெற்ற அமைப்புகளில் 27 சதவீதம்தான் அதைத் தங்கள் இணையதளத்தில் சொல்லியிருந்தன. நிறுவனத்தின் சின்னத்தை "எங்கள் பங்காளிகள்" என்று அடியில் ஒட்டிவைப்பது வெளிப்படுத்தலாகாது. யாரிடம், எவ்வளவு, எதற்கு, மொத்த வரவில் எத்தனை சதவீதம் என்பதை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள். மருந்து விலை பற்றியோ ஒப்புதல் பற்றியோ அரசுக் குழுவுக்கு எழுதினால் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். பயணச் செலவு, மாநாட்டுக் கட்டணம், உங்கள் நிர்வாகிகள் தனிப்பட்ட முறையில் பெறும் பேச்சுக் கட்டணம், ஆலோசனைக் குழுவில் உள்ள மருத்துவர்களுக்கு அதே நிறுவனத்தோடு உள்ள தொடர்பு ஆகியவையும் இதில் சேரும். பல சங்கங்களில் பணம் வாசல் வழியாக வராவிட்டாலும் மருத்துவ ஆலோசகர் வழியாகச் செல்வாக்கு வந்துவிடுகிறது. 2010-இல் இயற்றப்பட்ட அமெரிக்க வெளிப்படுத்தல் சட்டம் மருத்துவர்களுக்கும் போதனா மருத்துவமனைகளுக்கும் நிறுவனங்கள் கொடுப்பதைப் பதிவு செய்யச் சொல்கிறது. நோயாளர் அமைப்புகளுக்குக் கொடுப்பதைச் சொல்லச் சொல்லவில்லை. பிரான்ஸ் 2011-இல் இயற்றிய சட்டத்தில் நோயாளர் சங்கங்களையும் சேர்த்தது. உங்கள் நாட்டுச் சட்டம் கேட்கிறதோ இல்லையோ, நீங்களே சொல்லிவிடுங்கள்.

உதவி எண்ணுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள், எனக்கும் அதுதான் கவலை. முழுநேரச் செவிலியர் இப்போது இயலாது. வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டும் திறந்திருக்கும் எண்ணாகத் தொடங்குங்கள். பயிற்சி பெற்ற உறுப்பினர்கள் பேசட்டும். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரைப் பகுதிநேர ஊதியத்தில் மேற்பார்வைக்கு வைக்க, உறுப்பினர் நன்கொடையில் தனி நிதி திரட்டுங்கள். சிறியதாக இருக்கும், பல அழைப்புகளை எடுக்க முடியாமல் போகும். எடுத்த அழைப்பில் சொல்லும் சொல் முழுவதும் உங்களுடையதாக இருக்கும்.

விலகுவேன் என்று சொன்ன மூத்த உறுப்பினரைப் போய்ப் பாருங்கள். அவர் விலகக் கூடாது. நிதி ஏற்புக் கொள்கையை எழுதும் பொறுப்பை அவரிடமும் பொருளாளரிடமும் சேர்த்தே கொடுங்கள். ஒருவர் சங்கத்தின் பெயரைக் காப்பார், மற்றவர் சங்கத்தின் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பார். இருவரும் ஒப்புக்கொள்ளும் இரண்டு பக்கம் வந்தால் அது நிற்கும். நோயாளிகளாகவே உள்ள உறுப்பினர் மூவராவது அதைப் படித்துச் சம்மதிக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் பெயரால்தான் இந்தப் பணம் வருகிறது.

அதுவரை நிறுவனத்துக்கு ஒரு சுருக்கமான பதில் எழுதுங்கள்: "உங்கள் ஆதரவுக்கு நன்றி. சங்கத்தின் நிதி ஏற்புக் கொள்கை நிறைவேறிய பிறகே எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட முடியும். தொலைபேசி உதவி எண்ணுக்கும் மருந்து உதவி நிதிக்கும் மருந்து நிறுவனங்களிடம் நிதி பெறுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். விழிப்புணர்வு மாதத்துக்கு, ஐந்து, ஏழு, எட்டு, ஒன்பதாம் பிரிவுகளை நீக்கிய புதிய வரைவை நாங்களே அனுப்புகிறோம். தொகை முன்கூட்டியே வழங்கப்பட வேண்டும். தொகையும் நோக்கமும் பகிரங்கமாக வெளியிடப்படும்." தேதி போட்டு, பதிவேட்டில் ஒரு நகல் வையுங்கள். பதில் எதுவாக இருந்தாலும், புதிய வரைவு தயாரானதும் கையெழுத்துக்கு முன் எனக்கு அனுப்புங்கள். வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.